மோட்டார் கொட்டகையில் ஆள் இருக்கலாம்

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க இன்னும் பாதி ஊர் பாக்கி இருக்கிறது. மஞ்சள் தடவிய கட்டு கடை மேசைமேல் அப்படியே கிடக்கிறது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீடு பார்க்கக் கோயம்புத்தூர் போன பிள்ளைக்குப் போனில் சொல்ல முடியாதா என்று கேட்பாய். போனில் சொல்லிப் பார்த்தேனே! சொன்ன போதெல்லாம் "ஒண்ணும் ஆகலையேம்மா, விடும்மா" என்றாய். எனக்கு விட முடியவில்லை. சோறு இறங்க மாட்டேன் என்கிறது, பத்திரிகை நீட்டுகிற இடத்தில்கூட நினைப்பு வேறு எங்கோ போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் குறுக்கே பேச மாட்டாய்.

இது உனக்கு மட்டுமான கடிதமும் இல்லை. உன்னைப் போல ஏஐ ஏஜென்டை வைத்துக் கம்ப்யூட்டர் கோடு எழுதும் பிள்ளைகள் நம் தாலுகாவிலேயே வந்துவிட்டார்கள். அவர்களும் படிக்கட்டும். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். கறம்பக்குடியில் நாம் நடத்துவது செல்போன் ஸ்டார்ட்டர் கடை. வயலில் இருக்கும் போர் மோட்டாரை வீட்டில் இருந்தபடியே போனில் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி. பெட்டியை நான் கட்டுகிறேன், அதற்கான மென்பொருளை நீ எழுதுகிறாய். கொஞ்ச நாளாக நீயும் எழுதுவதில்லை. வேலையை நீ சொல்கிறாய், ஏஜென்ட் எழுதுகிறது, சோதிக்கிறது, தப்பு இருந்தால் தானே திருத்துகிறது. அது வேலை செய்வதற்கு நீ சில டூல்களைக் கையில் கொடுத்திருக்கிறாய். ஒன்று ஸ்டார்ட்டரின் நிலையைப் பார்க்க, ஒன்று மோட்டாரைப் போட, ஒன்று நிறுத்த, ஒன்று பூட்டி வைக்க, ஒன்று கடையில் தொங்கும் சோதனைப் பெட்டியை மட்டும் இயக்க. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு விளக்கம். எந்த டூலை எப்போது எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்வது அந்த விளக்கத்தைப் படித்துத்தான். அதற்கு நம் வயலும் தெரியாது, நம் ஆட்களும் தெரியாது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ போனில் பாதிதான் கேட்டாய். போன வாரம் நம்மிடம் பெட்டி வாங்கிய வைரக்கண்ணு அண்ணன் வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்கப் போனேன். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து, அண்ணி போட்ட காபியையும் குடித்துவிட்டுக் கிளம்பும்போது அண்ணன் ஆரம்பித்தார். "வந்தது வந்துட்டீங்க தங்கச்சி, அங்கிட்டு வந்து அந்த மோட்டாரையும் ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க. ரெண்டு நாளா தண்ணிய இழுக்கவே மாட்டேங்குது" என்றார். பட்டுப்புடவையோடு மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்த ஒரே சம்பந்தியம்மாள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். மெயின் பெட்டியில் இருந்து பீஸ் கட்டைகளை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன், குங்குமப் பொட்டலத்துக்குப் பக்கத்தில். நம் பக்கத்தில் கரண்ட் வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அது வழக்கம். பெட்டியில் கை வைப்பவர் பீஸ் கட்டையைத் தன்னோடுதான் வைத்துக்கொள்வார். ஆண்கள் மடியில் சுருட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்து அவரே திரும்ப மாட்டும்வரை அந்த மோட்டாருக்கு வேறு யாரும் கரண்ட் கொடுக்க முடியாது.

ஸ்டார்ட்டரைத் திறந்து, மோட்டாருக்குப் போகும் ஒயர் ஒன்றைக் கையில் பிடித்துத் தோலைச் சீவிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் 'டக்' என்றது. நான் கட்டிய பெட்டி, எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா? நம் போர்டில் இருக்கும் ரிலே, கட்டளை வந்தால் தட்டுகிற சுவிட்ச். கரண்ட் போனாலும் போர்டு விழித்திருக்க வேண்டும் என்று உள்ளே சின்ன பேட்டரி வைத்ததே நான்தான். எங்கிருந்தோ 'மோட்டாரைப் போடு' என்று கட்டளை வந்திருக்கிறது, போர்டும் கேட்டிருக்கிறது. பீஸ் கட்டைகள் என் பையில் இருந்ததால் அதோடு நின்றது. அவை அவற்றின் இடத்தில் இருந்திருந்தால் அந்த ஒயர் வழியாக என் கைக்குக் கரண்ட் வந்திருக்கும். உன் அப்பா சார்ஜாவில் இருந்து கல்யாணத்துக்கு வருவதற்குப் பதில் வேறு ஒன்றுக்கு வந்திருப்பார். சொல்லக் கூடாத வார்த்தைதான், ஆனால் சொல்லாமல் உனக்கு உறைக்க மாட்டேன் என்கிறது. வைரக்கண்ணு அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, என்னமோ சத்தம் கேட்டுச்சு?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே, போர்டுல எப்பவும் வர்ற சத்தந்தான்" என்றேன். கடை பெயர் கெட்டுவிடுமே என்று நாக்கு தானாகப் புரண்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து உன்னைப் போனில் கேட்ட பிறகுதான் தெரிந்தது, கட்டளை கொடுத்தது நீயும் இல்லை, அண்ணன் வீட்டில் யாரும் இல்லை, உன் ஏஜென்ட். கரண்ட் போன பிறகும் சில ஸ்டார்ட்டர்கள் 'மோட்டார் ஓடுகிறது' என்றே காட்டுகின்றன, அதைச் சரி செய் என்று அதற்கு வேலை கொடுத்துவிட்டு நீ சுகன்யாவோடு போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். பேசு, கட்டிக்கொள்ளப் போகிறவள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது என்ன செய்தது என்று அதன் பதிவை வாங்கி நான் உட்கார்ந்து படித்தேன். நீ படித்தாயா என்று தெரியவில்லை.

படித்ததும் என் கோபம் ஏஜென்ட் மேல் இருந்து இறங்கிவிட்டது. அது முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. முதலில் கடையில் இருக்கும் சோதனைப் பெட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறது. அங்கே கோளாறு பிடிபடவில்லை. கரண்ட் இல்லாத ஸ்டார்ட்டர் ஒன்று வேண்டும் என்று யோசித்து, வயலில் உள்ள எல்லாவற்றின் நிலையையும் வரிசையாகப் பார்த்திருக்கிறது. வைரக்கண்ணு அண்ணன் பெட்டியில் மட்டும் கரண்ட் இல்லை. அதில் 'ஸ்டார்ட்' கொடுப்பதற்கு முன்னால் இப்படி எழுதி வைத்திருக்கிறது: 'இங்கே மின்சாரம் இல்லை. எனவே கட்டளை கொடுத்தாலும் மோட்டார் ஓடாது. சோதிக்க இதுவே பாதுகாப்பான இடம்.'

இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன் தம்பி. அதே டிரான்ஸ்ஃபார்மரில் மற்ற எல்லாருக்கும் கரண்ட் இருக்கிறது, ஒருத்தர் பெட்டியில் மட்டும் இல்லை என்றால் உனக்கு என்ன தோன்றும்? யாரோ பீஸ் கட்டையை உருவிவிட்டுக் கையை உள்ளே விட்டிருக்கிறார்கள் என்றுதானே? எனக்கும் அதுதான் தோன்றும், நம் கடைக்கு வருகிற எவருக்கும் அதுதான் தோன்றும். எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் யாருமே அதை எழுதவில்லை. நீ எழுதிய விளக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'ஸ்டார்ட்: மோட்டாரை இயக்கும்.' நிலை பார்க்கும் டூலுக்கு 'மின்சாரம் உள்ளதா எனக் காட்டும்.' முடிந்தது கதை. எழுதியவனுக்கு வயல் கண்முன் இருக்கிறது, படிக்கும் ஏஜென்டுக்கு இந்தச் சொற்களை விட்டால் வேறு எதுவும் இல்லை. இருப்பதிலேயே ஆபத்தான பெட்டியை அது பாதுகாப்பானது என்று தேடிப் பிடித்துக் கட்டளை கொடுத்திருக்கிறது, நாம் சொல்லிக் கொடுத்த இரண்டு வரியை நம்பி.

நடுவில் ஒருவர் கண்டன்சர் கேட்டு வந்தார், கொடுத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்? உன் மேல் மட்டும் பழி போட நான் வரவில்லை. இது நம் வீட்டு வியாதிதான், என்னிடம் இருந்து உனக்கு வந்தது. பிளஸ் டூ முடித்த விடுமுறையில் உன்னைத் திருச்சிக்கு ரிலே வாங்க அனுப்பினேன், நினைவிருக்கிறதா? "பன்னெண்டு வோல்ட் ரிலே ஒரு டப்பா வாங்கிட்டு வா" என்றேன், அவ்வளவுதான். எனக்கு உலகத்தில் ஒரே ஒரு பன்னிரண்டு வோல்ட் ரிலேதான் இருந்தது, தினமும் என் கையில் புரள்வது. நீ பஸ்ஸில் இடிபட்டுப் போய், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தாய். அதுவும் பன்னிரண்டு வோல்ட்தான், ஆனால் கால் அமைப்பு வேறு, நம் போர்டில் உட்காரவே இல்லை. கடையில் ஆட்கள் இருக்க உன்னைக் கன்னாபின்னா என்று திட்டினேன். நீ முகம் சிவந்துபோய், "நீ சொன்னதத்தானே வாங்கியாந்தேன். நீ சொல்லாததுக்கு நான் என்னம்மா பண்றது?" என்றாய். அடுத்த தடவை ஒரு பழைய ரிலேயையே உன் கையில் கொடுத்து, "இதே மாதிரி. இது இல்லைன்னா வேற எதையும் வாங்காத, எனக்கு போன் பண்ணு" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு குழப்பமும் இல்லாமல் வாங்கி வந்தாய். கெட்டிக்காரத்தனம் இரண்டு தடவையும் உன்னிடம் ஒரே அளவுதான் இருந்தது, நான் சொன்ன விதம்தான் மாறியது.

டூல் விளக்கத்துக்கும் இதற்கு மேல் பெரிய வித்தை ஏதும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. என்ன செய்யும் என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறாய். எப்போது எடுக்கக் கூடாது, அதற்குப் பதில் எதை எடுக்க வேண்டும், முடியாவிட்டால் என்ன செய்ய வேண்டும், இவையும் வேண்டும். நீ கொடுத்திருக்கும் 'நிறுத்து', 'பூட்டு' இரண்டையும் பார். இரண்டுக்கும் 'மோட்டாரை நிறுத்தும்' என்றே எழுதியிருக்கிறாய். நிறுத்தினால், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது 'ஆட்டோ' நிலையில் வைத்த மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும். பூட்டினால் யாராவது போய்த் திறக்கும்வரை ஓடாது. ஒயரில் கை வைத்திருப்பவனுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது! உனக்கு அது தண்ணீர் பட்ட பாடு, அதனால் எழுதத் தோன்றவில்லை. ஒரே மாதிரி இருக்கும் டூல் இரண்டு இருந்தால், ஒவ்வொன்றிலும் மற்றதன் பெயரைச் சொல்லி, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எழுது. இல்லையென்றால் அது ஏதோ ஒன்றை எடுக்கும், அது சரியானதாக அமைந்தால் நம் அதிர்ஷ்டம்.

திரும்பி வரும் பதிலையும் அப்படித்தான் அரைகுறையாக விட்டிருக்கிறாய். 'ஸ்டார்ட்' கொடுத்தால் 'சரி' என்று வருகிறது. எது சரி? மோட்டார் ஓடுகிறது என்றா? இல்லை, கட்டளை இங்கிருந்து குறுஞ்செய்தியாகக் கிளம்பிவிட்டது என்றுதான் அதற்குப் பொருள். மழைக்காலத்தில் நம் பக்கம் டவர் படுத்துவிட்டால் செய்தி எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேருகிறது என்று உனக்கே தெரியும். ஏஜென்ட் நிலையைப் பார்க்கிறது, ஓடவில்லை என்று தெரிகிறது, மறுபடி அனுப்புகிறது. டவர் வந்ததும் எல்லாம் மொத்தமாகப் போய் இறங்குகின்றன. அதற்குள் யாராவது கொட்டகைக்குள் போயிருந்தால்? 'பதில் வரவில்லை என்றால் மறுபடி அனுப்பாதே, வந்து சொல்' என்று ஒரு வரி போதும். எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 'நேரம்: எண்' என்று போட்டிருக்கிறாய். நிமிடமா மணியா? நீ நிமிடம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், அது எப்படி நினைக்கும் என்று யாருக்குத் தெரியும்!

நான் சத்தம் போட்ட பிறகு நீ திருத்தினாய், அதையும் பார்த்தேன். 'மிக மிக முக்கியம்! மிகுந்த கவனத்துடன் பயன்படுத்தவும்! பாதுகாப்பை உறுதி செய்யவும்!' என்று வரிக்கு வரி ஆச்சரியக்குறி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கவனமாக இருந்துதானே தம்பி அது கரண்ட் இல்லாத பெட்டியைத் தேடிப் போனது? கவனமாக இரு என்று நீ இன்னும் நூறு தடவை சொன்னாலும் அது இன்னும் கவனமாக அதே பெட்டியைத்தான் தேடிப் பிடிக்கும். என்ன தெரியாமல் தப்பு செய்ததோ அதைச் சொல்லாமல், அதட்டினால் என்ன பயன்? நான் உன்னைத் திருச்சி ரிலேக்குத் திட்டியது மாதிரிதான் இதுவும். கேட்கிறவருக்குப் பயம் வரும், விவரம் வராது.

சரி, நானே எழுதிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். முதலில் எழுதியதைக் கண்டால் நீ சிரிப்பாய். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன், சித்தப்பா என்று ஒருவர் பெயரும் விடாமல் போடுவோமே, அப்படி மனதில் வந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேட்டரி எந்த அளவு, ரிலே என்ன வகை, பீஸ் கட்டை எந்தப் பக்கம், எல்லாம். கடைப் பெஞ்சுக்கு மேல் தொங்கும் சோதனைப் பெட்டியை இயக்கக்கூட ஏஜென்ட் என்னிடம் அனுமதி கேட்க ஆரம்பித்துவிட்டது. எதற்கெடுத்தாலும் கேள்வி. எரிச்சலில் எல்லாவற்றுக்கும் 'சரி சரி' என்று தட்டிக்கொண்டே போனேன், என்ன கேட்டது என்று படிக்கக்கூட இல்லை. தேவையில்லாததற்கெல்லாம் கேட்க வைத்தால், தேவையானதற்குக் கேட்கும்போது நம் காது அடைத்துப் போயிருக்கும். அதனால் அடித்து அடித்துச் சுருக்கினேன். டூலை எடுப்பவர் தப்பான முடிவுக்குப் போகக்கூடிய இடம் எதுவோ அதை மட்டும் வைத்துக்கொண்டேன். கடைசியில் நின்றது இதுதான்:

'வயலில் உள்ள நிஜ மோட்டாரை ஓட்டும். மோட்டார் கொட்டகையில் ஆள் இருக்கலாம், உன்னால் பார்க்க முடியாது. சோதனைக்கு முதலில் கடையில் உள்ள பெஞ்ச் ஸ்டார்ட் டூலைப் பயன்படுத்து, அதில் முடியாதபோது மட்டும் இது. ஒரு ஸ்டார்ட்டரில் மட்டும் கரண்ட் இல்லாமல் அதே டிரான்ஸ்ஃபார்மரில் மற்றவற்றில் இருந்தால், அங்கே ஒருவர் பீஸ் கட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறார் என்று எடுத்துக்கொள், கட்டளை கொடுக்காதே. சரி என்று பதில் வந்தால் செய்தி போய்விட்டது என்று மட்டுமே பொருள். மோட்டார் ஓடுகிறதா என்பதை நிலை டூலில் பார். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பாமல் வந்து சொல்.'

எழுதி முடித்தும் மனம் அடங்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், தெருவைப் பார்த்தேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். விளக்கம் என்பது சொல்வதுதான், தடுப்பது இல்லை. எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் ஒருநாள் கேட்காமல் போகலாம். அதனால் அந்த டூலுக்கு இன்னொரு உள்ளீடு சேர்த்தேன், ஏஜென்டையே எழுத வைத்துக் கோடிலும் அதைக் கட்டாயம் ஆக்கினேன். 'மோட்டார் பக்கத்தில் நின்றுகொண்டு போடலாம் என்று சொன்னவரின் பெயர். இதை நீயாக நிரப்பாதே, கேட்டு வாங்கு.' பெயர் இல்லாமல் கட்டளை வெளியே போகாது. நீ இருந்தால், "என்னம்மா இது, தொல்லை பண்ற" என்றிருப்பாய். இதை எழுதும்போது எனக்கே இது கொஞ்சம் அதிகப்படியோ என்றுதான் இருந்தது.

இன்று காலையில் அந்தப் பழைய கோளாற்றையே ஏஜென்டிடம் திரும்பக் கொடுத்தேன். இந்தத் தடவை ஒழுங்காகப் பெஞ்சில் இருந்து ஆரம்பித்தது, கோடில் இருந்த தப்பையும் திருத்தியது. திருத்திய கோடு வயலில் சரியாக ஓடுகிறதா என்று ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றது. கரண்ட் இருக்கும் பெட்டியாகவே தேர்ந்தெடுத்தது, அதுவும் வைரக்கண்ணு அண்ணன் பெட்டியாகவே அமைந்துவிட்டது. அங்கே வந்து நின்று கேட்டது: 'மோட்டார் பக்கத்தில் நின்று சம்மதம் சொல்பவர் யார்?'

நிலையைப் பார்த்தேன். கரண்ட் இருக்கிறது, மூன்று பேஸும் சரி, மோட்டாரை அண்ணனே போனில் நிறுத்தியிருக்கிறார். பீஸ் கட்டை இருக்கிறது என்றால் அங்கே யாரும் வேலை பார்க்கவில்லை என்றுதானே பொருள்? நான் எழுதிய விளக்கமே அப்படித்தான் சொல்கிறது. பத்திரிகைக்கட்டு வேறு பார்த்துக்கொண்டே இருக்கிறது, சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பெயர் போடும் இடத்தில் என் பெயரையே தட்ட ஆரம்பித்தேன். கடை என்னுடையது, பெட்டி என்னுடையது, இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு திமிர். பாதிப் பெயர் வந்துவிட்டது. அப்புறம் நானே எழுதிய அந்த வரி கண்ணில் பட்டது, 'பக்கத்தில் நின்றுகொண்டு'. நான் கறம்பக்குடிக் கடையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்! வெட்கமாகப் போய்விட்டது. அழித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

வெகுநேரம் அடித்தது. எடுத்தது அண்ணி. "அவரு போன எங்கிட்டக் குடுத்துட்டு மோட்டாருகிட்ட நிக்கிறாரு. பெட்டிக்குள்ள பல்லி ஒண்ணு செத்துக் கெடக்காம், எடுத்துக்கிட்டு இருக்காரு" என்றார். "அண்ணி, பீஸ் கட்டையப் புடுங்கிட்டாரா?" என்று கத்தினேன். அண்ணி அங்கே திரும்பிக் கேட்பதும், அண்ணன் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதும் எனக்குக் கேட்டது. "அதெல்லாம் எதுக்கு? போன்லதான் ஆஃப் பண்ணிட்டேன்ல. தங்கச்சி பெட்டி சொன்ன பேச்சு கேக்கும்."

போன வாரம் அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அவர். ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை நம்பித்தான் இன்று கையை உள்ளே விட்டிருக்கிறார். பீஸ் கட்டை உருவுகிறவர்களை மட்டும் நினைத்து நான் அந்த விளக்கத்தை எழுதிவிட்டேன். நாம் விற்ற பெட்டியை நம்பி உருவாமல் விடுகிறவர்கள் என் கணக்கிலேயே வரவில்லை. அவரை அப்படி ஆக்கியதே நாம்தான் தம்பி. போனில் ஆஃப் செய்தால் போதும், வயலுக்கே போக வேண்டாம் என்று பெருமை பேசி விற்றவர்கள் நாம்தானே? அப்படி ஒருவர் கை உள்ளே இருந்தால் எந்த நிலை டூலும் அதைக் காட்டாது. எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் காட்டும்.

உண்மையை இப்போது அவரிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு வந்த சத்தம் என்ன என்பது உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நம் வாடிக்கையாளர் எல்லாருக்கும் இதைச் சொல்லப் போகிறேன், ஒவ்வொரு வீட்டிலும் பத்திரிகை கொடுக்கும்போதே. கடைப் பெயர் கெட்டால் கெடட்டும். கல்யாணம் முடிந்து நீ கோயம்புத்தூர் போன பிறகும் அந்த ஏஜென்ட் நம் வயலில்தான் வேலை செய்யும். அது பெயர் கேட்டு வந்து நிற்கும்போது நீ வேலையில் இருப்பாய், வெளியே போயிருப்பாய், சுகன்யா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். உன் பெயரைத் தட்டிவிடத்தான் கை வரும், எனக்கே வந்ததே. அந்த உள்ளீட்டை எடுக்கச் சொல்லி நீ கேட்கப் போகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். எடுக்க மாட்டேன். வேண்டுமானால் மோட்டார் போடும் டூலையே ஏஜென்டிடம் இருந்து பிடுங்கிக்கொள், அதற்கு நான் சம்மதம்.

இன்று நான் உண்மையைச் சொல்வதற்கு முன்னால் அண்ணன் ஒரு கையால் போனை வாங்கிப் பேசியதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். நான் பதறி முடித்து, அண்ணே இப்ப மோட்டாரப் போடலாமா என்று கேட்டதற்கு அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்:

"செத்த இருங்க தங்கச்சி, கைய எடுத்துக்கிறேன்."